மரம் நிற்கும் வரை

செங்கமலத்தின் புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1949 சித்திரையில் கொழுந்தன் ஆவுடையப்பன் அவளைத் திருவரங்குளத்தில் பத்திரம் எழுதும் ரெங்கசாமியிடம் அழைத்துப் போனான். ஆண் பிள்ளை இல்லாதவளுக்கு நிலத்தில் பங்கு எதற்கு, சோற்றுக்கு வழி செய்தால் போதும் என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். கொல்லையின் கோடியில் மூன்று பலா மரங்களும் அவற்றின் அடியில் ஒரு குடிசையும் இருந்தன. அதுதான் அந்த வழி.

மண் ஆவுடையப்பனுக்கு, காயும் குடிசையும் செங்கமலத்துக்கு, அவள் ஆயுள் வரை. ரெங்கசாமி இப்படி எழுதி வாசித்ததும் அவள் பதறினாள்.

“என் ஆயுசு என்னங்க ஆயுசு? எனக்குப் பெறகு எம் மக அழகி எங்கிட்டுப் போவா? மரம் நிக்கிற மட்டும்னு எழுதுங்க.”

“யோசிச்சுச் சொல்லுத்தா. ஒன் ஆயுசுன்னா மரம் விழுந்தாலும் குடிசை ஒனக்குத்தான். மரத்தோட ஆயுசுன்னா, அது போன அன்னைக்கே எல்லாம் போயிரும்.”

“பலா நூறு வருசம் நிக்குங்க.”

“மதினி சொல்றபடியே எழுதுங்க” என்றான் ஆவுடையப்பன். அவள் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தாள். மகளுக்கும் சேர்த்துச் சம்பாதித்துவிட்ட நினைப்பு.

1952 புயலில் இரண்டு மரங்கள் சாய்ந்தன. அதைக் கடவுள் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மரம் பட்டுப்போகட்டும் என்று அதன் தூரில் துளை போட்டுப் பெருங்காயம் திணித்தது கடவுள் இல்லை. அதைச் செய்தவனை ஊருக்கே தெரியும். சாட்சி சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதே ஊரில் இருந்த எனக்கும் வரவில்லை, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக இலை கொட்டி, 1960-ல் மரம் மொட்டையாக நின்றது. பட்டுப்போனது என்று சொல்லி ஆவுடையப்பன் வெட்டினான். வைரம் பாய்ந்த கட்டை அவன் புது வீட்டுக்கு நிலைக்கதவானது. குடிசையைக் காலி செய்யச் சொன்னான்.

ஐப்பசி மழையில் அடிக்கட்டை துளிர்த்தது. செங்கமலம் ஒரு இலையைப் பறித்து மடியில் முடிந்துகொண்டு புதுக்கோட்டைக்கு ஓடினாள். வக்கீல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துளிர் இருந்தா மரம் இருக்குன்னு வாதாடலாம். கோர்ட் கமிஷனர் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் ஆடு மேயாமப் பார்த்துக்கங்க” என்றார். வழக்குப் போட்டாயிற்று. இரண்டு மாதம் முள்வேலி கட்டி அதன் பக்கத்திலேயே கிடந்தாள்.

கமிஷனர் வரும் தேதி தெரிந்து வக்கீலைப் பார்க்கப் போன ஒரு பகல்தான் அவள் அங்கே இல்லை. அடுத்த நாள் கமிஷனர் வந்தபோது அந்த இடத்தில் புது மண் மூடிய குழி இருந்தது.

“இங்க துளிர் இருந்ததா?” என்று கமிஷனர் கேட்டார்.

கட்டிக்கொடுத்து உள்ளூரிலேயே இருந்த அழகி முன்னே வந்தாள். “இல்லைங்க. ஆத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பட்ட கட்டைதாங்க, நானும் எம் புருசனும்தான் தோண்டிப் போட்டோம்.”

கமிஷனர் எழுதிக்கொண்டு போய்விட்டார். செங்கமலம் மகளைத் திட்டவில்லை.

“என்னடி தாரேன்னாரு ஒன் சித்தப்பா?”

“ரோட்டோரமா அஞ்சு சென்ட், ஆத்தா. எங்களுக்கும் ஒரு எடம் வேணாமா?”

“எழுதி வாங்குனியா?”

“வாயால சொன்னாரு.”

அப்போதுதான் செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறு வருஷம் அந்த ஐந்து சென்டில் ஆவுடையப்பன் தன் மாட்டுக்குக் கொட்டகை போட்டான்.