குடத்தில் வந்த கிருஷ்ணாயில் நாற்றம்

தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதே மூக்கில் ஏறும் அந்த நாற்றத்தை, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வளர்ந்த யாரும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ரேஷன் கடையில் கால்கடுக்க நின்று வாங்கிவரும் "கிருஷ்ணாயில்" என்ற மண்ணெண்ணெய் நாற்றம்தான் அது. எங்களுக்கோ அது தெருமுனை "அடி பம்பு" தண்ணீரிலேயே வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின, ஏனென்றால் வெட்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்போது எல்லார் வீட்டிலும் கிருஷ்ணாயில் ஸ்டவ்தான். ஒற்றை அறை வீட்டில் எண்ணெய் கேனும் தண்ணீர்க் குடமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நம் வீட்டு எண்ணெய்தான் குடத்தில் தெறித்துவிட்டது என்று நினைத்த அம்மா, புளி போட்டுக் குடத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள்; கேனைக் கொண்டுபோய்க் கக்கூஸ் பக்கம் வைத்தாள்; "வெளிய சொல்லிடாதடி, கலீஜ் புடிச்ச வூடுன்னு சிரிப்பாங்க" என்று என் வாயையும் அடைத்தாள்.

தம்பிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவனுக்குப் புட்டிப்பால் கரைப்போம். குடித்ததும் கக்கிவிடுவான், கை கால் துவண்டு கிடப்பான், பிள்ளை தங்குவானா என்று எனக்கே பயமாக இருந்தது. தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா இன்னும் அதிக நேரம் கொதிக்கவைத்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டாக்டரம்மா பால்புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொதிக்க வெச்சா கிருமிதாம்மா சாகும், இந்த எண்ணெய் போகாது. மொதல்ல தண்ணிய மாத்துங்க."

மறுநாள் காலை அம்மா குடமே இல்லாமல் பம்புக்குப் போய், என்னை அடிக்கச் சொல்லி, உள்ளங்கையில் நேராகத் தண்ணீரை ஏந்தி முகர்ந்தாள். பிறகு வரிசையில் நின்ற அடுத்த வீட்டு மெஹரூன் அக்காவிடம், மானத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்: "அக்கா, உங்க வூட்டுத் தண்ணியும் நாறுதா?"

மெஹரூன் அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் எங்கூட்டு ஸ்டவ்வுதான் ஒழுவுதுன்னு நெனச்சுகினு கீறேன் செல்வி."

அவ்வளவுதான், வரிசையே வெடித்தது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு அழுக்கு என்று நினைத்து ரகசியமாகக் குடம் தேய்த்திருக்கிறாள்! அன்றே மெஹரூன் அக்காவின் கணவர் குழந்தைக்கென்று வேறு தெருக் குழாயிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தார். மீன்பிடிக்கப் போகும் என் அப்பா படகுக் கயிற்றை எடுத்துவந்து, யாரும் அடிக்காதபடி பம்பின் கைப்பிடியை இறுகக் கட்டினார்.

பெண்கள் எல்லாரும் குடத்தோடு குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் எட்டிக்கூடப் பார்க்காமல், "குடத்த நல்லா கழுவி வைங்கம்மா" என்றார். அம்மா தன் குடத்தை அவர் மேசைமேலேயே வைத்தாள். "அத்தினி பேர் குடமுமா சார் அழுக்கு? மோந்து பாரு. தண்ணி லாரி வர்ற வரைக்கும் நாங்க எங்கியும் போமாட்டோம்." சொன்னபடியே உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் லாரி வந்தது. பிறகு தண்ணீரைச் சோதித்து, மண்ணுக்கடியில் எங்கோ எண்ணெய் கசிந்திருக்கிறது என்று சொல்லி, பம்பை மூடினார்கள். லாரித் தண்ணீரையும் அம்மா நம்பிவிடவில்லை. முகர்ந்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, மூடிவைத்த பிறகுதான் தருவாள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

இன்று அந்த பம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு ஆட்டோ நிறுத்துகிறார்கள். ஸ்டவ்வும் போயிற்று, விம்கோ நகர் அடுக்குமாடியில் வளரும் என் மகளுக்குக் கிருஷ்ணாயில் நாற்றமே தெரியாது. போன மாதம் எங்கள் வீட்டுக் குழாயில் சாக்கடை வாடை அடித்தபோது அவள் சொன்னாள்: "நம்ம ஃபில்டரத்தான் மாத்தணும்போலம்மா. வெளிய சொன்னா அசிங்கம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு தம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண் தம்ளரை முகர்ந்தாள், படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "நானும் எங்க வீட்டு ஃபில்டர்தான்னு நெனச்சேன்க்கா."

அவளையும் ஒரு தம்ளர் பிடித்துவரச் சொல்லி, இருவருமாக அடுத்த கதவைத் தட்டினோம்.