விலை மாறிய நாட்கள்

மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: சரக்கு எடுப்பது சுலபம், பழைய விலையை அழித்துவிட்டுப் புதிய விலையை எழுதுவதுதான் கஷ்டம். இரண்டாயிரத்துக்குப் பிறகு எட்டு வருடம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே கடை நடத்தினேன். நான் ஆடிப்போன சில நாட்களைச் சொல்கிறேன்.

மலிவு அரிசி

தாராபுரத்து மில்லில் நல்ல பொன்னி அரிசி பத்து மூட்டை மலிவாகக் கிடைத்தது. மற்ற கடைகளைவிடக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்துப் போட்டேன். கூட்டம் நெரியும் என்று நினைத்தேன். நான்கு நாட்கள் ஒருவரும் தொடவில்லை. நிட்டிங் மெஷின் ஓட்டும் பழனிச்சாமி மட்டும் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள எலி கிலி செத்துக் கெடந்துதுங்களா?" என்றார்.

ஐந்தாம் நாள் அதே மூட்டைக்கு மற்ற கடைகளின் விலையையே எழுதினேன். பழனிச்சாமி பத்துக் கிலோ வாங்கிக்கொண்டு சொன்னார்: "இப்பத்தானுங்க அக்கா நல்ல அரிசி எறக்கியிருக்கீங்க."

சின்ன வெங்காயம்

ஒரு மழைக்குப் பிறகு சின்ன வெங்காயம் இரட்டை விலையாயிற்று. முணுமுணுத்தாலும் வாங்காமலா இருப்பார்கள் என்று இரண்டு மூட்டை எடுத்தேன். வாங்க ஆளில்லாமல் அத்தனையும் முளைவிட்டு நாறியது. குப்பையில் கொட்டினேன்.

மறுமாதம் விலை இறங்கியது. வாரம் இரண்டு கிலோ வாங்கிய பக்கத்து லைன் வீட்டுப் பாக்கியம் அரைக் கிலோதான் கேட்டாள். பழைய விலைதானே என்றேன். "இல்லாமயே கொழம்பு வெச்சுப் பழகிட்டோமுங்க அக்கா, இது போதுமுங்க."

பால்மாவு

அடுத்து, குழந்தைகளுக்கான பால்மாவு விலை ஏறியது. வெங்காயத்தில் பட்ட சூட்டில் நான்கு டப்பா மட்டும் எடுத்தேன். இரண்டே நாளில் தீர்ந்தது. மறுபடி எடுத்தேன், அதுவும் போயிற்று. யாரும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனியன்களில் பழுது பார்த்துக் கழிக்கும் செக்கிங் வேலை செய்த மேரி, கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். வாராவாரம் ஒரு டப்பாவும் மூன்று கிலோ அரிசியும் வாங்குவாள். டப்பா மாறவில்லை. அரிசி மட்டும் இரண்டாகி, ஒன்றரையானது. எனக்கு அது உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் டப்பாவை வாங்க நீட்டிய கையில் வளையல் முழங்கை வரை வழுக்கி ஓடியது.

"மேரி, நீ சாப்புடறியா இல்லையா?" என்றேன். டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "பிள்ளைக்கு அளவைக் குறைக்க முடியாதுல்லாக்கா, அதான் நான் ஒருநேரம் சாப்பிட்டுக்கிடுதேன்."

அன்றுமுதல் அவளுக்கு டப்பா பழைய விலைதான்.

எட்டு வருடத்தில், விலை மாறினால் யார் எதைக் குறைப்பார்கள் என்று ஒருமுறைகூட நான் சரியாகச் சொன்னதில்லை, ஆனாலும் அந்தத் தெருவில் எனக்கு வியாபாரம் தெரிந்தவள் என்று பெயர்.