பின்சீட்டிலிருந்து வழி சொன்னவள்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் மோட்டார் சைக்கிளில் போன இடங்களுக்கெல்லாம் வழி சொன்னவள் நான்தான். அவருக்குத் தொம்மலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. நான் காக்ஸ் டவுனில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவோம். சிவாஜிநகரில் வாங்கிய கர்நாடகா ரோடு மேப்பை, அன்றைக்குப் போகிற பகுதி மட்டும் மேலே தெரிகிற மாதிரி மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் மடிக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன். காற்றை மீறி அவர் காதுக்கு எட்டும்படி கத்த வேண்டும்.

"ரயில்வே கேட் வரும். தாண்டினதும் லெஃப்ட்!"

நானும் தவறாகச் சொன்னதுண்டு. கனகபுரா பக்கம் ஒருமுறை வண்டிப்பாதையை ரோடு என்று நினைத்து, ஒரு கல்குவாரியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "டீச்சரம்மா கூட்டிட்டு வந்த இடம் நல்லாத்தான் இருக்கு. சாப்பாட்டை எடு" என்றார். அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டோம்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், ஹைதராபாத்திலிருந்து வந்த மகள் ஹேண்டில்பாரில் போன் மாட்டும் ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஹெல்மெட்டுக்குள் இயர்போன். "இனிமே நீ நிம்மதியா வேடிக்கை பார்த்துட்டு வரலாம்" என்றார் என்னிடம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மட்டும் வேலையிலிருந்து நீக்கிவிட்ட மாதிரி இருந்தது. அவர் காதுக்குள் யாரோ பேசினார்கள். எனக்கு அது கேட்காது. ஒன்றரை மணி நேரம் பேச்சே இல்லாமல் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு.

பிறகு ஊருக்குள்ளேயும் போனை மாட்ட ஆரம்பித்தார். கறி வாங்கப் போகும்போதுகூட.

"சிவாஜிநகருக்குமா மேப்பு? கண்ணைக் கட்டிவிட்டாலும் போவீங்களே!"

"டிராஃபிக் எங்க இருக்குன்னு காட்டுதுல்ல" என்றார்.

புதுப் பொருள்மேல் உள்ள ஆசை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. அதனால் அதற்குமேல் கேட்கவில்லை.

போன வருடம் வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள்பாகல் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் ஆகிவிட்டது. பழைய மெட்ராஸ் ரோட்டில், இந்திராநகர் நூறடி ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். வெயில் சூட்டில் போன் அணைந்திருந்தது. அதைக் கழற்றி, சட்டையில் துடைத்து, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எதுக்குங்க போன்? வீட்டுக்குத்தானே போறோம்?"

"ஆன் ஆகட்டும், இரு."

"நேராப் போக வேண்டியதுதானே?"

அந்தச் சந்திப்பில்தான் அவர் இருபத்தாறு வருடம் தினமும் அலுவலகத்துக்குத் திரும்பினார். நான் இறங்கி முன்னால் போய் நின்றேன். அவர் நூறடி ரோட்டைப் பார்த்தார், நேர் ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் முகம் முழுக்க வியர்வை.

"இங்கேர்ந்து எப்படிப் போறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். "யாக்கே நில்சித்தீரா சார்? எல்லிகெ ஹோக்பேக்கு?" கன்னடத்தில் என் கணவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஏன் நிறுத்தினீர்கள், எங்கே போக வேண்டும் என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு அன்று அவருக்கு வார்த்தை வரவில்லை. "காக்ஸ் டவுன்" என்று நான் சொன்னேன். பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நேராப் போங்க. நான் சொல்றேன்."

வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார். கியர், பிரேக், ஹாரன் எதிலும் தடுமாற்றம் இல்லை. வழி மட்டும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் என் குரலுக்காகக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "ரொம்ப நாளாவே இப்படித்தான். போன் சொல்லிடுது, அதனால உனக்குத் தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வண்டிச் சாவியை வாங்கிடுவ."

அவர் சொன்னது சரிதான். வாங்கியிருப்பேன். ஆனால் அந்த ஸ்டாண்டு வந்த நாளிலிருந்து நான் ஒரு போன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, பேசாமல், பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். காகித மேப்பாக இருந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். போனுக்கு அது தேவையில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா எழுதச் சொன்னார், எண்ணச் சொன்னார். கடைசியில், "வீட்லேர்ந்து இங்க எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்க சார்" என்றார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். எங்கள் தெரு முனை வரைக்கும் என் கணவர் சரியாகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான ஒரு நிமிடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்றார்கள். அன்று சாயங்காலமே, நான் கேட்காமலேயே, சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். மறுநாள் வண்டிக்கு உறை போட்டு மூடியதும் அவர்தான். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

காலையில் தனியாக நடந்துவிட்டு வருவதை மட்டும் அவர் விடவில்லை. அதையும் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் போன் இருக்கிற இடம் என் போனில் தெரிகிற மாதிரி மகள் செய்து கொடுத்திருக்கிறாள். ஒரு நீலப் புள்ளி எங்கள் தெருவை விட்டுப் போகும், பார்க்கைச் சுற்றும், திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டேதான் காய் நறுக்குகிறேன்.

போன வாரம் அந்தப் புள்ளி சர்ச் பக்கத்தில் நின்றுவிட்டது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றிருந்தார்.

"என்னங்க, இங்க நிக்கிறீங்க?"

"வழி மறந்துட்டா நடக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிருக்கேன். நடந்தா இன்னும் தூரமாப் போயிடுவேன். நின்னா நீ வந்துடுவ இல்ல?"

வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடு ரோட்டில் நாங்கள் கைகோத்து நடந்ததே இல்லை, அவருக்குக் கூச்சம். அன்று கையை விலக்கவில்லை.