பாதாளத்துக்குக் குரல் கொடுத்தவர்

என் அக்காவின் கணவரை ஊரில் எல்லோரும் பாதாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. "பணம் பாதாளம் வரைக்கும் பாயும்னு பெரியவங்க சொன்னாங்க, இந்தப் பாதாளத்துக்கு மட்டும் வழி தெரியாம நிக்குது" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். அவ்வளவு பெரிய தொண்டை.

கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டுவதும், மாட்டியது மக்கர் செய்தால் சரிபார்ப்பதும் அவர் தொழில். ஏணி மேல் ஏறி, மேலே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கை அவிழ்த்து, முறுக்கேற்றித் திரும்ப மாட்டுவார். கை தவறினால் ஸ்பிரிங் அடிக்கும். ஒருமுறை அடித்ததில் இடது கைச் சுண்டுவிரல் பாதி போனது. நாள் முழுக்க தடதட சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் ரகசியம் சொன்னால் நாலு வீடு திரும்பிப் பார்க்கும். நான் துணி தைக்கிறவன். என் தையல் மெஷின் சத்தமே அதிகம் என்று நினைக்கிற ஆள். ஆனாலும் அத்தானை எனக்குப் பிடிக்கும். இதை அவர் நன்றாக இருந்த காலத்தில் அவரிடம் சொன்னதில்லை.

பட்டப்பெயர் வந்தது அந்தத் தொண்டையால்தான். இயேசு சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறதே, அன்று அவர் எங்கே இருந்தார்? பாதாளத்தில் இறங்கினார் என்று ஜெபத்தில் ஒரு வரி வரும். வாய் அதைச் சொல்லும். மனம் அடுத்த வரிக்குப் போய்விடும். அவர் பிறப்பதற்கு முன்னால் வாழ்ந்து செத்துப்போன நல்லவர்கள் எல்லோரும், முதல் மனிதனும் மனுஷியும் தொடங்கி, கீழே ஓர் இருட்டில் காத்துக் கிடந்தார்களாம். அடி உதை கிடையாது, வெளிச்சமும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை அவர் போய்க் கதவைத் திறந்து அவர்களைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தார் என்பது நம்பிக்கை.

எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அதை நடித்தே காட்டுவார்கள். விளக்கெல்லாம் அணைத்து, பக்கக் கதவையும் உள்பக்கம் பூட்டி, ஜனங்கள் கொளுத்தாத மெழுகுவர்த்தியோடு வெளியே நிற்பார்கள். உள்ளே ஒரே ஓர் ஆள். ஃபாதர் சிலுவைக் கம்பின் அடியால் கதவைத் தட்டி, "கதவைத் திற, ராஜா வந்திருக்கிறார்" என்பார். உள்ளே இருப்பவர், "எந்த ராஜா?" என்று கேட்க வேண்டும். மூன்று தரம் தட்டி, மூன்று தரம் கேட்டு, அப்புறம் தாழ்ப்பாள் விலகும். உள்ளே நிற்கும் அந்தப் பாதாளம் எங்கள் அத்தான். "எந்த ராஜா?" என்று அவர் கேட்டால் வெளியே குழந்தைகள் அம்மா இடுப்பை விட்டு இறங்காது.

ஆனால் அவருக்கு அது நாடகம் இல்லை. அதைத்தான் நாங்கள் வெகுகாலம் கவனிக்காமல் விட்டோம்.

அவருடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் மூட்டை மாதிரியே முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாராம். அத்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அதுவரை அந்த வீட்டுக்குள் இயேசு என்ற பெயர் வந்ததில்லை. சாவுக்கு வந்து கூட உட்கார்ந்து அழுத கோயில் பெண்களைப் பார்த்துத்தான் அத்தானின் அம்மா வேதத்தில் சேர்ந்தார். ஞாயிறு வகுப்பில் பாடம் சொன்ன அம்மா ஒருத்தி இந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்து, ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு மோட்சத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் மறந்திருப்பாள். கேட்டவர் மறக்கவில்லை. தப்பான தேதியில் செத்தான் என்பதற்காக ஒரு நல்ல மனிதனை வெளியே நிறுத்துகிற சொர்க்கம் என்ன சொர்க்கம் என்று எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அத்தானுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தை அவர் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டார். அப்போது இருந்த வயதான ஃபாதருக்கு நான் அங்கிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் பீரோ பூட்டைச் சரிபார்க்க வந்திருந்தார்.

"ஃபாதர், எங்கப்பா முன்னாடி ஆளா, பின்னாடி ஆளா?"

ஃபாதருக்குப் புரியவில்லை. அத்தான் விளக்கினார். இயேசுவுக்கு முன்னால் செத்தவர்களுக்குக் கதவு திறந்தது. பின்னால் வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் இருக்கிறது. இவர் அப்பா பின்னால் பிறந்தவர். ஆனால் செய்தி வருமுன் செத்தவர். அப்படியானால் எந்தக் கணக்கு?

ஃபாதர் நல்ல மனுஷன். "உங்கப்பா காதுல இந்தச் செய்தி விழவே இல்லையே. அப்போ அவரும் முன்னாடி ஆளுங்க மாதிரிதான். அவருக்கு அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியலைன்னு வெச்சுக்குங்களேன்."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அத்தானோ கதவு வேலை செய்கிறவர். சனிக்கிழமை முடியவில்லை என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார். கதவு திறந்தால் வெளியே வருவார். அந்தக் கதவைத் திறப்பது யார்? தான்தான். ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார், வார்த்தை இங்கேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளில் நான் கவனித்தேன். தாழ்ப்பாளை விலக்கியதும் ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு உள்ளே போவார்கள். அத்தான் மட்டும் கதவோரம் முதுகை ஒட்டி நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ உரசிப் போவது போல வயிற்றை எக்கிக்கொள்வார்.

"யாரைப் பார்க்கிறீங்க அத்தான்?"

"வெளியே போறவங்களை."

"எல்லாரும் உள்ளேதானே வர்றாங்க?"

"நீ வர்றவங்களைப் பாக்குற மச்சான்" என்றார்.

கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தப் போய்விட்டேன்.

பிறகு அது கடைத்தெருவுக்கும் வந்தது. எந்த ஷட்டரைத் தூக்கினாலும் ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்துவிட்டுத்தான் கடைக்காரரை உள்ளே விடுவார். முதலில் சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "காலங்காத்தால என் கடைக்குள்ளேர்ந்து யாருக்கோ வழி விடுறார்ப்பா உங்க அத்தான். இனிமே வேற ஆளைப் பார்த்துக்கறேன்." வேலை குறைந்தது. அக்கா சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள்.

போன வருஷம் ஃபாதர் மூன்றாவது தரம் தட்டி முடித்ததும், உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். கூட்டம் சிரித்தது, பாதாளம் இந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறார் என்றார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நான் அத்தானைக் கேட்டேன்.

"நான் தட்டலை" என்றார். அன்றைக்குத்தான் அவர் மெல்லப் பேசி நான் முதல்முறை கேட்டேன். "அப்பா வாசல் வரைக்கும் வந்தார் மச்சான். அதே அழுக்குத் தலைப்பாகை. என்னைப் பார்த்தார். பார்த்துட்டுத் திரும்ப உள்ளே போயிட்டார்."

"ஏன் போகணும்?"

"அவரோட அப்பா உள்ளேதானே இருக்கார்? விட்டுட்டு எப்படி வருவார்? அந்தக் கிழவர் தன் அப்பாவைத் தேடி அதுக்கும் உள்ளே போயிருக்கார். இப்படியே போய்க்கிட்டே இருக்கு."

ஆளுக்கு ஓர் அப்பா உண்டு. அந்த அப்பாவுக்கும் உண்டு. கதவு திறந்து கிடக்கிறது. ஒவ்வொருவரும் பின்னால் ஒருவருக்காகத் திரும்பிப் போகிறார்கள். வாசலில் யாருமே இல்லை.

"அப்போ யார்தான் வெளியே வருவாங்க அத்தான்?"

"யாராவது உள்ளே போய்ச் சொல்லணும், எல்லாரும் ஒண்ணாக் கிளம்புங்கன்னு" என்றார். யார் போவது என்று நான் கேட்கவில்லை. அவர் நடந்த வேகத்திலேயே பதில் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். இந்த வருஷம் புது ஃபாதரிடம் போய், அவரை உள்ளே விடாதீர்கள் என்று அக்கா கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். ஃபாதரும் பாடல் குழுவிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்தார். வெளியூரில் பஸ் கண்டக்டராக இருக்கும் அவர்கள் மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லி வரச் சொன்னோம். ஆனால் சனிக்கிழமை மதியமே, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று அத்தான் கோயிலுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாக் கதவுகளும் உள்பக்கம் பூட்டியிருந்தன.

சரி, இந்த ஒரு வருஷமும் அவரே செய்யட்டும் என்று ஃபாதர் கம்பை எடுத்தார். தட்டினார். உள்ளே சத்தமில்லை. இரண்டாம் தரம். சத்தமில்லை. மூன்றாம் தரம் தட்டியதும் குரல் வந்தது.

"இன்னும் ஆள் வரலை. பொறுங்க."

சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஃபாதர் கதவில் வாயை வைத்து, "ஐயா, போதும், திறங்க" என்றார். அதற்கு வந்த பதில் எங்களுக்குப் புரியவில்லை. யாரையோ முறைவைத்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அடுத்த குரல் இன்னும் தள்ளிக் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. எங்கள் கோயில் அவ்வளவு நீளம் கிடையாது.

ஆண்கள் சேர்ந்து தோளால் இடித்தார்கள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே அத்தான், அது அசையுமா? அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தியைக் கொளுத்த யாருக்கும் கை வரவில்லை.

அப்போதுதான் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த தொண்டை அவளுக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அப்பா!"

வெகுநேரம் கழித்து, வெகுதூரத்திலிருந்து, "யாரு?" என்று வந்தது.

"நான்தான்ப்பா."

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் தாத்தாவைக் கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

"நேரம் ஆகும்."

"ஆகட்டும். நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன். வரலைன்னா நானும் தேடிக்கிட்டு உள்ளே வருவேன். அப்புறம் என் பையன் என்னைத் தேடிக்கிட்டு வருவான். இது முடியாதுப்பா!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நான் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே எதுவும் கேட்கவில்லை. பிறகு கல் தரையில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. வர மாட்டேன் என்கிற ஆளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவது போன்ற சத்தம். கதவில் ஓர் உடம்பு மோதியது. தாழ்ப்பாள் விலகியது.

அத்தான் முகம் குப்புற வெளியே வந்து மகள் மேல் விழுந்தார். சட்டையெல்லாம் வியர்வை. நான் எழுந்து ஓடி, அவர் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தேன். இருட்டுதான் இருந்தது. ஆனால் ஃபாதர் உட்பட ஒருவரும் உடனே உள்ளே காலெடுத்து வைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஏணி ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இரண்டாம் நாள்தான் அத்தான் வாய் திறந்தார். அந்தப் பெரிய குரல் போய்விட்டிருந்தது, குனிந்து கேட்டேன்.

"அப்பாதான் தள்ளிட்டார் மச்சான். முதுகுல கை வெச்சு. உன் பொண்ணு கூப்பிடுறா, போடான்னார்."

"வாசல் வரைக்கும் வந்தவர் அப்படியே கூட வந்திருக்கலாமே?"

"அவர் பின்னாடி நிறையப் பேர் இருந்தாங்க" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போனப்புறம் உன் முறை வரும்போது, வாசல்ல எனக்காக நிக்கக்கூடாது. திரும்பிப் பார்க்காம வெளியே போயிடணும். சத்தியம் பண்ணு."

"மாத்திரையைப் போடுங்கப்பா" என்றாள்.

"சத்தியம் பண்ணும்மா."

அவள் தண்ணீரைக் குடிக்கவைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்தாள். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்வை நேரம் முடிந்து எங்களை வெளியே போகச் சொல்லும் வரையிலும் அவள் சத்தியம் மட்டும் செய்யவில்லை.