கழட்டியார் திருப்பி மாட்டிய டிஷ்

என் வீட்டுக்காரரை ஊரே கழட்டியார் என்றுதான் கூப்பிடும். பழைய ஏசி, தண்ணீர் மோட்டார், கடை போர்டு, இரும்புப் படிக்கட்டு, எதுவானாலும் கழட்டிக் கொண்டுபோய் எடைக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கழட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. திருப்பி மாட்டுவது மட்டும் மருந்துக்கும் தெரியாது. எண்ணெய் விடுகிறேன் என்று அவர் கழட்டிய எங்கள் வீட்டு மின்விசிறி இன்னமும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. சுவர்க்கடிகாரம் ஒரு சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டு இல்லாமலே நாங்கள் சாப்பிடப் பழகிவிட்டோம்.

பேச்சும் அப்படித்தான். நான் ஒரு நாளைக்குப் பேசுவது அவருக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். கேட்டால், "பேசி என்ன ஆகப்போகுது" என்பார். அதையும் பாதியிலேயே விட்டுவிடுவார்.

பெரிய டிஷ் வேலை என்றால் நானும் கூடப் போக வேண்டும். ஒருவர் தகட்டைத் தாங்கினால்தான் இன்னொருவர் நட்டைக் கழட்ட முடியும். அதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. டிஷ்ஷுக்கு முன்னால் கம்பிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை நாங்கள் மூக்கு என்போம். டிஷ் வெயிலையெல்லாம் அங்கேதான் குவிக்கும் என்பதால், அந்த மூக்கு இருக்கிற இடத்தில் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது. கொளுத்துகிற வெயிலில் ஒருமுறை அங்கே தோளைக் கொடுத்து, தோல் பொசுங்கிய தழும்பு அவருக்கு இருக்கிறது. அன்று முதல் அவர் எந்த டிஷ்ஷையும் பக்கவாட்டில் நின்றுதான் தொடுவார்.

ஊருக்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த டைப் டீச்சர் வீட்டு டிஷ்ஷைக் கழட்டப் போன அன்று வெயிலே இல்லை. மதியத்திலிருந்தே மேகம் மூடிக்கிடந்தது. ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு அது. பின்பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் முள்செடி மண்டிய வெற்றுநிலம், அதற்கும் அப்பால் மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியும் வரிசையாகப் பாழடைந்த கொட்டகைகளும். டிஷ் ஒரு அறை அகலம் இருந்தது. போன வாரக் காற்றில் அதைத் தாங்குகிற கை ஒடிந்து, வானத்தைப் பார்க்க வேண்டியது குனிந்து அந்த வெற்றுநிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

டீச்சர் வாசலை விட்டு இறங்கவில்லை. ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தும் பேச்சில் அதிகாரம் குறையவில்லை.

"தம்பி, இருட்டுறதுக்குள்ள இதை எடுத்துடணும். முந்தாநாள்ல இருந்து, அதுக்கு முன்னால போனாலே பேசுது."

"எது டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுதான். என் வீட்டுக்காரர் குரல்ல பேசுது. மனுஷன் போய் ஒரு வருஷம் ஆச்சு. செத்தவங்க சும்மா இருக்க வேணாமா? நான் பின்கதவையே சாத்திட்டேன்."

நான் இரண்டடி பின்வாங்கினேன். என் வீட்டுக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை.

"பெரிய டிஷ் சத்தத்தையும் அள்ளும் டீச்சர். தூரத்துல எங்கயாவது ரேடியோ பாடும்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அதுவே அவருக்குப் பெரிய சொற்பொழிவு.

டீச்சர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். அவர் சொன்னதெல்லாம் கணவர்மேல் குறைதான். டிஷ்ஷை வாங்கி வைத்தது அவராம். எந்த நாட்டிலோ நடக்கிற மேட்ச்செல்லாம் அதில் வரும். சாயங்காலமானால் ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேன் வேலியைத் தாண்டி வந்துவிடுவாராம்.

"ரெண்டு பேரும் வாயே திறக்காம உக்காந்திருப்பாங்க. என்கிட்ட பேசின நேரத்தைவிட அந்த ஆளோட சும்மா உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி. இவர் போனதும் முதல் வேலையா, இனிமே வராதேன்னு அந்த ஆளை அனுப்பிட்டேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஜெயித்த களை இருந்தது. வாய்மூடிப் புருஷனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுவது எனக்கும் தெரியும் என்பதால் நான் தலையாட்டி வைத்தேன்.

"இந்தா, வந்து பிடி" என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது.

மூக்கைக் கழட்டியாகிவிட்டது. மேல்வரிசைத் தகடுகளை ஒவ்வொன்றாக நான் தாங்க, அவர் நட்டைக் கழட்டி இறக்கினார். இறக்கியதைக் குறி எதுவும் போடாமல் குப்பைபோல ஒன்றன்மேல் ஒன்றாக வீசினார். எடைக்குப் போகிற பொருளுக்குக் குறி எதற்கு? பாதித் தகடு இறங்கியபிறகு முன்கம்பியில் துருவேறிய ஒரு போல்ட்டு மக்கர் பண்ணியது. வெயில் இல்லாத தைரியத்தில் அவர் மூக்கு இருந்த இடத்திலேயே தலையைக் கொடுத்து அதை முறுக்கினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?" என்றேன். கை மட்டும் என்னை வரச்சொன்னது. நான் போய் அவர் தலை இருந்த இடத்தில் என் தலையை வைத்தேன்.

முதலில் காற்றின் இரைச்சல். முள்செடி உரசுகிற சத்தம் காதுக்குள்ளேயே உரசுவதுபோல் கேட்டது. அப்புறம் ஒரு ஆண்குரல். வயதான, கரகரத்த குரல். பக்கத்தில் நின்று காதில் சொல்வதுபோல் இருந்தது.

"விழுந்துட்டான்... யாராவது வாங்க... விழுந்துட்டான்..."

அரையடி நகர்ந்தேன். ஒன்றுமில்லை, வெறும் மேகமும் அமைதியும். திரும்ப வைத்தேன். குரல் இருந்தது.

"ரெண்டு பேரு" என்றார் அவர். "ஒருத்தன் எங்கயோ விழுந்து கிடக்கான். இன்னொருத்தன் கத்துறான்."

வேலியோரம் ஓடி நின்று நான் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். பதிலில்லை. எதிரே ஃபேக்டரி, கொட்டகைகள், இடிந்த குடியிருப்பு, எங்கே என்று தேடுவது? பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. குரல் இன்னும் ஏதோ சொன்னது, ஆனால் பாதி டிஷ்ஷில் பாதிச் சொல்தான் விழுந்தது.

அவர் தரையில் கிடந்த தகடுகளைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"மாட்டணும்."

மாட்டத் தெரிந்தால்தானே! ஒரு தகட்டின் ஓட்டை அடுத்ததோடு பொருந்தவில்லை. தலைகீழாக வைத்தார், திருப்பி வைத்தார், விரலை நசுக்கிக்கொண்டார். குறி போடாமல் வீசிய புத்தியை அவரே திட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அங்கே ஒரு உயிர் கிடக்கிறது, இங்கே இவர் தகட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் கண்ணில் பட்டது. பல வருஷ மழை, டிஷ்ஷின்மேல் மேலிருந்து கீழாகத் துருக்கோடு இழுத்திருந்தது. கோட்டோடு கோடு சேர்ந்தால் தகட்டோடு தகடு சேரும்.

"அதை விடுங்க, இதைக் கொடுங்க" என்று நான் எடுத்துக்கொடுக்க, அவர் முடுக்கினார். பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. திரும்பினால் டீச்சர் பின்கதவைத் திறந்து வந்து நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் தகட்டைத் தாங்கினார்.

கடைசித் தகடு ஏறியதும் நாங்கள் மூன்று பேரும் நடுவில் தலையை நெருக்கினோம்.

"பின்னால... உப்புத்தண்ணித் தொட்டி... சீக்கிரம் வாங்க, தொட்டிக்குள்ள விழுந்துட்டான்..."

டீச்சர் மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டார். "அவர்தான்" என்றார்.

பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. தகடு கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு முள்ளில் விழுந்து ஓடினோம். ஃபேக்டரியின் பின்பக்கம், ஐஸ் உறையவைக்க உப்புத்தண்ணீர் நிரப்பும் பெரிய தொட்டி காய்ந்து கிடந்தது. மேலே போட்டிருந்த பலகை முறிந்து தொங்கியது. உள்ளே, காக்கிச்சட்டை போட்ட ஒரு பெரியவர் கால் மடங்கிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

இவர் இறங்கி அவரைக் கட்ட, நான் மேலே இழுத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இவர் அந்த இடத்தையே நாலுமுறை சுற்றி வந்தார். "கத்தினது யாரு? எங்க போனாரு?" என்று ஒவ்வொரு கொட்டகையாகக் குரல் கொடுத்தார். யாரும் இல்லை. எங்கும் புழுதி படிந்திருந்தது. அந்தப் புழுதியில் எங்கள் காலடிகளும் பெரியவர் வந்த பழைய தடமும் மட்டும் இருந்தன. பெரியவரிடம் கேட்டதற்கு அவர் கையைத் தூக்க முயன்று, முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாட்ச்மேனா?"

"காக்கிச்சட்டை போட்டிருந்தார். உயிர் இருக்கு டீச்சர்" என்றேன். "ஆனா கூட இருந்தவரைத்தான் காணோம். வாட்ச்மேன் வாயைத் திறந்து ஒண்ணுமே சொல்லல."

"எப்படிச் சொல்லுவாரு? அவருக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து, டிஷ்ஷின் நடுவில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு அதன் பள்ளத்தைப் பார்த்து, வீட்டில் எதிரே இருக்கிற ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ஒரு வருஷமா நானும் இங்கதான இருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை இல்ல. அவனுக்குன்னா இவ்வளவு வாய் வருதா உங்களுக்கு?"

காற்று மட்டும் இரைந்தது. அவர் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், கழட்டிடட்டுமா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும். நானும் தனியாத்தான் இருக்கேன், ஒருநாள் நானும் விழுவேன். அப்பவாவது கத்துறாரான்னு பார்ப்போம்."

என் வீட்டுக்காரர் ஸ்பானரை எடுத்து, அவசரத்தில் அரைகுறையாய்ப் போட்ட நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினார்.