வண்டு தொட்ட பூ

சென்ற வெள்ளிக்கிழமை காலை வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். தயிர்க்காரி தலைக்கூடையை இறக்காமலே சொன்னாள்: "அம்மா, நம்ம வெள்ளையம்மா போயிட்டாளாம். மூணே நாள் காய்ச்சல். நீங்க ஆத்துக்கு வந்த பொறவுதானாம்." பாதிக் குடத்தோடு கோச்சடைக்குத் திரும்பினேன். எந்த வழியாக வந்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அவள் வீட்டு வாசலில் ஒப்பாரி நீளவில்லை. யாராவது ஒருத்தி, "என்னை என்ன கேலி பேசியிருக்கா தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள், அடுத்தவளுக்கு வேறொன்று நினைவு வரும், எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வோம். அவளை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது. பதினாறாம் நாள் கூடும்போது என் பங்குக்குச் சொல்ல வேண்டியதை, நா தழுதழுக்குமோ என்று எழுதியே வைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்லள். கலியாணத்துக்குப் பிறகு தோத்திரப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் டவுனிலிருந்து இங்கே குடிவந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அவர் பிழைத்து எழுந்தால், என் கையால் பயிரிட்ட ஏழு பூசணிக்காயைப் பங்குனித் திருநாளில் அம்மன் கோயில் அன்னதானத்துக்குத் தருவதாக நேர்ந்துகொண்டேன். அவர் எழுந்து நடமாடினார். கொல்லையில் கொடியும் ஓடியது, மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறியது, மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காய் மட்டும் இல்லை. பிஞ்சு எலுமிச்சை அளவு வரும், வெளிறும், அழுகி உதிரும். தெய்வத்திடம் சொன்ன வார்த்தை. சந்தையில் வாங்கி ஒப்பேற்றிவிட முடியுமா? தவறினால் அவர் உடம்புக்கு மறுபடி என்ன வருமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கொல்லை வெள்ளையம்மாளுடையது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், வயலிலேயே வளர்ந்தவள். என் வீட்டுக்காரரை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் தானாகவே உறவு வைத்துக்கொண்டாள். வேலியோரம் வந்து, "அந்தா ஒரு பிஞ்சு, இந்தா ஒண்ணு" என்று விரலை நீட்டுவாள். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது நாமெல்லாம் கேட்டதுதானே. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "உன் விரல்தானடி என் நேர்த்தியைக் கெடுக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று நாள் வேலிப்பக்கமே வரவில்லை.

நாலாம் நாள் வந்தாள். இரண்டு கையையும் பழந்துணியால் மொத்தமாகச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"மதினி, பத்து விரலையும் கட்டிப்புட்டேன். இப்ப உள்ளே வரலாமா?"

சிரித்துவிட்டேன். பால் கணக்கு நோட்டில் உதிர்ந்த பிஞ்சுகளையும் நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தேன். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்: முப்பத்தொன்று.

"உதிர்ந்ததை இம்புட்டு நறுவிசா எழுதியிருக்கீக. வந்த வண்டை எழுதலையா?"

"வண்டை எதற்கடி எழுத வேண்டும்?"

"அதுதானே வேலையாளு! வந்துச்சா வரலையான்னு பாக்க வேணாமா?"

மறுநாள் இருவரும் கொடியருகே உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. ஒரே ஒரு தேனீ வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கொல்லைக்குப் போய்விட்டது. "பூவெல்லாம் எங்கே மதினி?" என்றாள்.

பெருமையோடுதான் சொன்னேன். வண்டு வாய் வைக்காத பூவே பூசைக்கு உகந்தது என்று படித்தவள் நான். அதனால் விடியுமுன்பே பறித்து, நல்லதைச் சாமிக்கு வைத்து, மிச்சத்தை வாசல் கோலத்துச் சாண உருண்டைகளில் செருகிவிடுவேன். அதிலும், அடியில் பிஞ்சு உள்ள பூவைத் தொடமாட்டேன். நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்பதை மட்டுமே பறிப்பேன்.

வெள்ளையம்மாள் கட்டுப்போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! அதுதான் ஆம்பளைப் பூ மதினி! ஆம்பளைகளை எல்லாம் வாசக் கோலத்துல உக்கார வச்சுப்புட்டு, பொம்பளையைப் பாத்து ஏன்டி புள்ள தங்கலைன்னு கேட்டா அவ என்ன செய்வா?"

கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"வண்டு எச்சில் பட்டதை எப்படியடி அம்மனுக்கு வைப்பேன்?" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அபிசேகத்துக்குத் தேன் ஊத்துறீகளே, அது யாரு எச்சி?" என்றாள். பிறகு கேலியை விட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மனுக்கு நாள் முச்சூடும் இருக்கு மதினி. பூவுக்கு ஒரு காலைதான் இருக்கு."

இத்தனை வருஷ நியமத்தை விடுவது எளிதாக இல்லை. அம்மன் படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மறுநாள் பூக்களைக் கொடியிலேயே விட்டேன். முதல் நாள் இரண்டு தேனீ. ஒரு வாரத்தில் எண்ண முடியவில்லை. கருவண்டுகளும் வந்தன, வாயெல்லாம் மஞ்சள் பொடி பூசிக்கொண்டு, விருந்து முடித்த சம்பந்திகளைப் போல ஆடி ஆடிப் பறந்தன. ஒரு பிஞ்சு எலுமிச்சை அளவைத் தாண்டிற்று. அன்று வெள்ளையம்மாள், என் கொல்லைக்கு வரும்போதெல்லாம் போட்டுக்கொள்ளும் துணிக்கட்டை அவிழ்த்து, பத்து விரலையும் நீட்டி அதைக் காட்டினாள். "அடியே!" என்று நான் அலறினேன். "இது நிக்கும் மதினி" என்றாள். நின்றது.

அந்தக் கருவண்டுகள் எங்கள் கொட்டகை மூங்கிலைத் துளைத்துத்தான் குடியிருந்தன. கூரை இறங்கிவிடுமென்று என் வீட்டுக்காரர் புகை போட ஓலையோடு கிளம்பினார். வெள்ளையம்மாள் குறுக்கே நின்று, "வேற மூங்கி நான் தாரேன், பக்கத்துல முட்டுக் குடுங்கண்ணே. நாம ஊன்றோம், தண்ணி விடுறோம். நடுவுல நடக்குறது அவுக வேலை. உங்களுக்குச் செய்யத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். வண்டுகள் பிழைத்தன.

பங்குனியில் ஒன்பது காய் தேறியது. அதில் ஏழு காயைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நாலு அவள் தலையில், மூன்று என் தலையில். கோயில் சமையற்காரர் எடுத்துப் பார்த்து, "நல்ல கனம், யார் கைராசி?" என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன். அவள் அண்ணாந்து, கோபுரத்து இடுக்கில் தொங்கிய தேன்கூட்டைக் காட்டினாள். அன்று பந்தியில் பூசணிக் கூட்டைப் பரிமாறும்போது எனக்கு மனம் லேசாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என்னிடம் அவள் விட்டுப்போனது ஒரு தாமதம். என் பூசை இப்போது வெயில் ஏறிய பிறகுதான். இன்று காலை கொடியில் நாலு பூ. நாலிலும் ஆள் இருந்தது, காத்து நின்றேன். வேலை முடிந்து ஆள் போன ஒன்றைப் பறித்து அம்மனுக்கு வைத்தேன். இதழெல்லாம் மஞ்சள் பொடி சிந்தியிருந்தது. ஊதித் தட்டவில்லை.