அண்ணன் திரட்டிய அணி

நாகர்கோவிலில் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில், ஒரு பஸ் முதலாளி சொந்தமாகக் கால்பந்து அணி ஒன்று வைத்திருந்தார். அணியில் இருந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பஸ்களில்தான் வேலை. சிலர் கண்டக்டர்கள், சிலர் செக்கர்கள், இரண்டு பேர் ஷெட்டில் வண்டி கழுவினார்கள். ஆனால் சம்பளம் பந்தடிப்பதற்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். வெயில் தாழ்ந்ததும் எங்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அணிக்குக் கேப்டன் என் அண்ணன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவரும் அவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வெள்ளைக்காரப் பாதிரி ஒருவரிடம் பந்தடிக்கக் கற்றுக்கொண்டவர். அண்ணனோடு அங்கே விளையாடிய கூட்டாளிகளையே முதலாளி மொத்தமாக வேலைக்கு எடுத்தார். நான் வயதில் மிகவும் இளையவன். நடுவில் ஓடுகிற ஓர் ஆள் மார்த்தாண்டத்தில் வேறு வேலை கிடைத்துப் போனபோது, அந்த இடத்துக்கு அண்ணன் என்னைச் சேர்த்துவிட்டார்.

நான் சேர்ந்தபோதே அணி தேய ஆரம்பித்திருந்தது. திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் புதிதாக அணிகள் வந்திருந்தன. அந்தப் பையன்கள் காற்று மாதிரி ஓடினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தொந்தி விழுந்துவிட்டது. கோல் காக்கிறவர் ஒருவர் இருந்தார், அண்ணனுக்கு உயிர்த் தோழர், ஒரே பெஞ்சில் படித்தவர். குனிந்து பந்தை எடுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். முதல் பாதியில் எப்படியாவது சமாளிப்போம். இரண்டாம் பாதியில் தோற்போம். வருஷா வருஷம் இதே கதை. மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கப் போனால், ஆட்கள் சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: "என்ன ஓய், நேத்தைக்கு எத்தன கோலு வாங்கிட்டு வந்தீரு?" எனக்கு அவமானமாக இருக்கும். அண்ணன் சிரித்துக்கொண்டே "உம்ம பங்கையும் சேத்துத்தான் வாங்கினோம்" என்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

ஒருநாள் திருவனந்தபுரத்தில் மிகவும் கேவலமாகத் தோற்றுத் திரும்பினோம். ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கியதும் அண்ணன் நேராக முதலாளியிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி, இந்த ஆளுகள வச்சு இனி ஒண்ணும் நடக்காது. எங்களுக்கு வயசாயிட்டு. முட்டத்துப் பக்கம் கடப்புறத்துல பையம்மாரு பந்தடிக்கத நான் பாத்திருக்கேன். மணல்ல ஓடிப் பழகின காலு. அவனுவளக் கொண்டு வந்தா ரெண்டு வருசத்துல கப்பு நமக்கு."

முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். "நீரு சொல்லுகது நெஜந்தானா? உம்ம கூட்டாளிமாரு சம்மதிப்பாவளா?"

"பந்துதான் அவனுவ அடிப்பானுவ. நாங்க பஸ்ஸு வேலையப் பாத்துக்கிட்டு இருப்போம். பையம்மாருக்கு நான் சொல்லிக் குடுக்கேன்."

"கொண்டு வாரும். பாப்போம்" என்றார் முதலாளி.

அன்றைக்கு அண்ணன் வாயில் வந்த அந்த வார்த்தை, தாங்கள் பஸ் வேலையில் தொடர்வோம் என்ற வார்த்தை, முதலாளியின் காதில் விழவே இல்லையோ என்று பிற்பாடு நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த மழைக்காலம் முழுக்க, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நாங்கள் இருவரும் கடற்கரை ஊர்களுக்குப் போனோம். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் அங்கே அதிகம் போவதில்லை. அவர்கள் ரோமன் சபை, நாங்கள் சீர்திருத்தச் சபை. ஒரே கர்த்தரை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டமாக நின்றோம். மாதா கோயிலுக்குப் பின்னால் பையன்கள் மணலில் ஆடுவார்கள். துணியையும் பழைய வலையையும் சுருட்டிக் கட்டிய பந்து. அண்ணன் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கோல் போடுகிறவனை அவர் பார்க்கமாட்டார். பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்து என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பார். நின்று திட்டுகிறவன் வேண்டாம், திரும்பத் துரத்துகிறவன் வேண்டும் என்பார்.

அப்படித்தான் ஒருவனைக் கண்டுபிடித்தார். ஒல்லியாக, கறுத்து, இடது காலால் மட்டும் அடிக்கிற பையன். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவனுடைய தகப்பன் எளிதில் விடவில்லை. "கட்டுமரத்துல ஆளு கொறஞ்சா நான் என்னய்யா செய்வேன்?" என்றார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலை பிரிக்க உதவிக்கொண்டே சாயங்காலம் வரை பேசினார். கடைசியில் அவர் மகனைப் பார்த்து, "ஒனக்குப் போணுமா மக்கா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "போணும் அப்பா" என்றான்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டினோம். மைதானத்தில் அவர்களைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. புதுப் பந்து வாங்கிக் கொடுத்தார். அவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணனும் அந்த நாட்களில் மிகுந்த சந்தோஷமாக இருந்தார். சாப்பிடும்போது தன் மனைவியிடம், என் மைனியிடம், ஓயாமல் அவர்களைப் பற்றியே பேசுவார். மைனி மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவர். கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமலே, "பிள்ளையில்லாத கொறைய இப்பிடித் தீத்துக்கிடுதீங்களா?" என்று கேட்டார். அண்ணன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினார். அவர் முகம் வாடவில்லை.

ஒரு மாதத்தில் முதலாளி பழையவர்களை ஷெட்டுக்கு வரச் சொன்னார். இளையவன் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார், மற்ற எல்லோருக்கும் வேலை போயிற்று. பஸ் வேலை பந்தடிக்கிறவர்களுக்குத்தான், இரண்டு கூட்டத்துக்கும் சம்பளம் போடத் தன்னால் ஆகாது என்று பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க கேப்டன்தான ஓய் சொன்னாரு, உங்களுக்கெல்லாம் வயசாயிட்டுண்ணு" என்றும் சொன்னார்.

வேலை போனவர்களில் அண்ணனும் ஒருவர். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த ஷெட்டில் நின்ற ஒருவர்கூட அதை நம்பவில்லை. தம்பியின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு தங்களை வெட்டிவிட்டார் என்றே நினைத்தார்கள். கோல் காக்கிறவர் அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏலே, எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லிட்டு நீ மொதலாளிகிட்டப் போயிருக்கப்பிடாதா?" என்றார். திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

நானும் வேலையை விடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அண்ணனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நீயும் வந்துட்டா அந்தப் பிள்ளையளுக்கு யாரு இருக்கா? டவுனு பேச்சுகூட ஒழுங்கா வெளங்காத பிள்ளைய. நாந்தான கொண்டு வந்தேன்? நீ நிக்கணும்" என்றார். நான் நின்றேன். வீட்டுச் செலவு என் சம்பளத்திலும் மைனியின் லேஸிலும் ஓடியது.

வேலை இழந்தவர்கள் கொஞ்ச நாளில் தாங்களாகவே ஓர் அணி சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. சட்டைகூட ஆளுக்கொரு நிறம். ஊரில் நடக்கும் பந்தயத்தில் சேர்ந்து தங்களைத் தள்ளியவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பின்னால் நின்று தடுக்க ஆள் இல்லை. கோல் காக்கிறவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "வருவியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் உடனே, "வாறேன்" என்றார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், "எங்களுக்கு எதிரா நிப்பியளா அண்ணே?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுக? அவன் கேக்கான். அவன் இதுக்குப் பொறவும் என்னக் கேக்கானே, அதுவே பெருசு."

முதல் ஆட்டமே எங்களுக்கும் அவர்களுக்கும் என்று சீட்டுக் குலுக்கலில் விழுந்துவிட்டது. அன்றைக்குத் தூரத்துக் கொட்டாரம் ஊரிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. காலையில் மழை பெய்து மைதானம் சொதசொதவென்று கிடந்தது. தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கல்லாகியிருந்தது. எல்லோரும் வெறுங்கால்தான். ஒரே வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். மைதானத்து வாசலில் பிரிந்து, அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் போனோம்.

முதல் பாதி அவர்களுடையது. சேற்றில் எங்கள் பையன்களின் வேகம் எடுபடவில்லை. பழையவர்கள் நின்ற இடத்திலிருந்தே பந்தைச் சரியாகத் தட்டிக்கொண்டார்கள். ஒரு கோலும் போட்டார்கள். அண்ணனைத் தாண்டி ஒருவராலும் போக முடியவில்லை. பையன்கள் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவருக்குத் தெரியும், அவர் சொல்லிக் கொடுத்ததுதானே. இடதுகால் பையன் மூன்றாம் தடவையும் பந்தைப் பறிகொடுத்தபோது, அண்ணன் தன்னையும் மறந்து, "பைய வெட்டாத மக்கா, சட்டுண்ணு வெட்டு!" என்று கத்தினார். ஜனம் சிரித்தது. கோல் காக்கிறவர், "ஏலே, நீ யாருக்காக ஆடுக?" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

இரண்டாம் பாதியில் பழையவர்களுக்கு மூச்சு தீர்ந்தது. நாங்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தோம். அப்புறம் நான் கொடுத்த பந்தை வாங்கிக்கொண்டு இடதுகால் பையன் ஓரமாக ஓடினான். அண்ணன் குறுக்கே வந்தார். அவன் அவர் சொன்னபடியே சட்டென்று உள்ளே வெட்டினான். அண்ணன் சேற்றில் சறுக்கிக்கொண்டே காலை நீட்டினார். பையன் பந்தை அடித்துவிட்டு நிலை தடுமாறி, முழு எடையோடு அவருடைய முழங்காலின் மேல் விழுந்தான். பந்து கோலுக்குள் போயிற்று. ஜனம் ஆர்ப்பரித்ததில் வேறு சத்தம் எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்த எனக்கு எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

பையன் எழுந்து அவர் காலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி... அண்ணாச்சி..." என்று அழ ஆரம்பித்தான். அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மக்கா. கோலு விழுந்துதா?" என்று கேட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் கோல் காக்கிறவர் இல்லை. அவர் கோலுக்குள்ளேயே, வலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

வர்மம் தெரிந்த ஆசான் வந்து எலும்பைக் கூட்டிக் கட்டுப் போட்டார். எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். மிஷன் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். அவர்களால் முடிந்ததை அவர்களும் செய்தார்கள். அந்தக் கால் பிறகு மடங்கவில்லை. கம்பை ஊன்றித்தான் நடந்தார்.

இடதுகால் பையன் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கடவம் என்கிற ஓலைக் கூடையில் சாளை மீனோ அயலை மீனோ கொண்டு வருவான். மைனி முதலில் வாங்கவில்லை. கதவடியில் வைத்துவிட்டுப் போய்விடுவான். பிறகு மைனியே குழம்பு வைத்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லத் தொடங்கினார். அண்ணனும் அவனும் பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். காலைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

அண்ணன் முதலாளியிடம் சொன்னபடியே நடந்தது. திருவனந்தபுரத்தில் நாங்கள் கப்பு ஜெயித்தோம். பஸ்ஸின் முன்னால் அதைக் கட்டி வைத்து மேளத்தோடு ஊருக்குள் வந்தோம். எங்கள் தெருமுனையில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி டிரைவரைக் கேட்டேன். முதலாளி அவசரப்பட்டார், வண்டி நிற்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது மைனி சொன்னார்: "மேளச் சத்தம் கேட்டு வாசல்ல வந்து நிண்ணாரு. வண்டி திரும்புன பொறவும் நிண்ணுக்கிட்டே இருந்தாரு."

அண்ணன் என்னிடம் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொன்னார். சொன்னேன். "அடுத்த வருசம் நானும் வண்டியில வாறேன்" என்றார்.

அடுத்த வருஷம் அணியே இல்லை. முதலாளி பஸ்களை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவருக்குப் பந்தில் ஆசை இல்லை. பையன்கள் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் அவர்களை உட்காரவைத்துவிட்டு, "நான் உங்களக் கொண்டு வந்திருக்கப்பிடாது. ரெண்டு கூட்டத்தையும் கெடுத்தேன்" என்றார். இடதுகால் பையன்தான், "எங்களுக்குக் கடலு கெடக்கு அண்ணாச்சி. நீங்க வெசனப்படாதீங்க" என்றான். கொஞ்ச நாளில் அவனும் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

நான் கணக்கெழுதும் வேலை ஒன்றில் சேர்ந்தேன். அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் காவல் வேலை கிடைத்து அண்ணன் போனார். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. தம்பி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே மலைக்காய்ச்சல் பிடித்தது. வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். வீட்டில் சில நாள்தான் இருந்தார். காய்ச்சல் வேகத்தில் யார் யாரையோ கூப்பிட்டு, ஓடு, திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழையவர்களின் பெயரும் வந்தது, பையன்களின் பெயரும் வந்தது.

அடக்கத்தன்று கோல் காக்கிறவர் வந்தார். முன்பு போலவே வாசலில் நின்றுவிட்டார். மைனி வெளியே போய், "உள்ள வாரும் அண்ணே" என்றார். அவர் வந்து பெட்டியின் அருகில் உட்கார்ந்தார். போதகர் ஜெபம் முடித்துவிட்டார். ஆட்கள் பெட்டியைத் தூக்கக் காத்து நின்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.